இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருக்கு, கணினிக்குத் தெரியலையே!

பழைய டெஸ்க்டாப்பில் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூட்டுவது பற்றி வேலூர், இராணிப்பேட்டை, ஆரணிப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஜி41 மதர்போர்டு, கோர் 2 டுயோ இ7500 பிராசஸர். 1 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்3 ரேம் இருந்தது. போட்டோஷாப் திறந்தாலே திணறுகிறதென்று சென்னை ரிச்சி தெருவில் 4 ஜிபி டிடிஆர்3 1600 இரண்டு வாங்கி வந்தேன். மாட்டினால் திரையில் ஒன்றும் வரவில்லை. நீளநீளமாகப் பீப் அடிக்கிறது. பழையதைப் போட்டால் ஓடுகிறது. அதே புது ரேம் தம்பி வீட்டு எச்61 கணினியில் ஜோராக வேலை செய்கிறது. கடைக்காரர், "உங்க போர்டுதான் போச்சு" என்கிறார். போர்டை மாற்ற வேண்டுமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். போர்டும் போகவில்லை, ரேமும் போகவில்லை. இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

புது ரேமைக் கையில் எடுத்து அதன்மேல் இருக்கும் கறுப்புச் சிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் எட்டு இருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு இதுதான் வழக்கமான காரணம். 4 ஜிபியை எட்டாகப் பிரித்தால் ஒரு சிப்புக்கு 512 எம்பி, அதாவது 4 ஜிகாபிட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). ஜி41 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்) வடிவமைக்கப்பட்ட காலத்தில் டிடிஆர்3 சிப்பின் உச்சம் 2 ஜிகாபிட், அதாவது 256 எம்பி. 2 ஜிகாபிட் சிப்பில் ஒரு வரிசையைக் கூப்பிட 15 முகவரிக் கம்பிகள் போதும். 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். அந்தப் பதினாறாவதை எப்படிக் கையாள்வதென்று ஜி41-க்குத் தெரியாது. அதனால்தான் பெரும்பாலான போர்டுகளில் படமே வராமல் பீப் அடிக்கிறது. சிலவற்றில் 4 ஜிபி ரேம் 2 ஜிபியாகத் தெரியும். தம்பியின் எச்61 பின்னால் வந்த சிப்செட், அதற்கு 4 ஜிகாபிட் சிப் பழக்கமானது. அங்கே ஓடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தேவை பக்கத்துக்கு எட்டாக மொத்தம் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ரேம். பதினாறு பெருக்கல் 256 எம்பி, கணக்குச் சரி. கடையில் "டபுள் சைடு" என்று கேட்டால் புரியும். ஆனாலும் வாய்ச்சொல்லை நம்பாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். 4 ஜிபி ரேமில் 2ஆர்×8 என்று இருந்தால் பதினாறு சிப். 1ஆர்×8 என்று இருந்தால் எட்டு. மேலே அலுமினியத் தகடு ஒட்டிய ரேமில் சிப் கண்ணுக்குத் தெரியாது. அதை ஓடுகிற வேறொரு கணினியில் மாட்டி, சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து, ரேங்க் என்ற இடத்தில் டூயல் என்று காட்டுகிறதா பாருங்கள்.

1600 வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் போர்டு அதை 1066-க்கு இறக்கித்தான் ஓட்டும், அதனால் கெடுதல் இல்லை. அதே காரணத்தால் 1600-க்காகக் கூடுதல் காசு கொடுப்பதும் வீண். 1066 அல்லது 1333 கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய 1 ஜிபியைக் கழற்றிவிட வேண்டியதுதான். ஜி41-இன் உச்ச அளவே 8 ஜிபி, ஸ்லாட்டுக்கு 4. ஒரே ரேமாக 8 ஜிபி போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் பதினாறு சிப் இருந்தாலும் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட்.

ஜி41 போர்டுகளில் காம்போ என்று ஒரு வகை உண்டு. முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்2-க்கு இரண்டு, டிடிஆர்3-க்கு இரண்டு என நான்கு ஸ்லாட் இருக்கும். இரண்டு வகையையும் சேர்த்துப் போட்டால் ஓடாது. ஏதாவது ஒன்றுதான்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். இன்று கடைகளில் புழங்கும் 4 ஜிபி டிடிஆர்3 பெரும்பாலும் எட்டுச் சிப் வகைதான். போர்டின் பெயரைக் கேட்காமல் கொடுத்தது அவர் தவறு, சொல்லாமல் வாங்கியது உங்கள் தவறு. 775, 1156 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள எந்த இன்டெல் போர்டுக்கும் பதினாறு சிப் என்பதே பாதுகாப்பு. 1155 முதல் எதுவானாலும் சரி.

கேள்வி: எச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3. 4 ஜிபியுடன் இன்னொரு 4 ஜிபி சேர்க்கப்போய், ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை. புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டாலும் இப்போது படம் இல்லை. இருந்ததும் போய்விட்டதா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பதற வேண்டாம். பத்து ஆண்டு அசையாமல் இருந்த ரேமை அசைத்தால் இப்படி நடப்பது சகஜம். ஸ்லாட்டுக்குள் படிந்திருந்த தூசி, ரேமின் தங்கப்பற்களுக்கும் ஸ்லாட்டின் கம்பிகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் பவர் கார்டைப் பிடுங்குங்கள். கணினியை அணைப்பது மட்டும் போதாது, ஏனென்றால் கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கார்டைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் தங்கியிருப்பதும் வடிந்துவிடும். கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நைலான் புடவையோடும் பிளாஸ்டிக் நாற்காலியோடும் ரேமைத் தொடுவது நல்லதல்ல.

அடுத்து, ரேம் மாட்டும்போது கை பட்டு வேறு ஏதாவது தளர்ந்திருக்கிறதா பாருங்கள். 24 பின் இணைப்பும், பிராசஸர் பக்கத்தில் இருக்கும் 4 பின் இணைப்பும்தான் அடிக்கடி தளர்பவை. 4 பின் கழன்றிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. நீங்கள் சொல்லும் அதே அறிகுறி.

இரண்டு ரேமையும் கழற்றிவிட்டு, ரேமே இல்லாமல் ஒருமுறை ஆன் செய்யுங்கள். நீளமான பீப் விட்டுவிட்டு வந்தால் நல்ல செய்தி: போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன, "ரேம் எங்கே?" என்று கேட்கின்றன. பீப் வராவிட்டால் போர்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல கேபினெட்டில் ஸ்பீக்கரே இருக்காது. போர்டில் 4 பின் ஸ்பீக்கர் இடத்தில் செருகும் சின்ன பஸ்ஸர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய கணினி வைத்திருப்பவர் வீட்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பீப் வந்ததென்றால் சுத்தம் செய்யும் வேலை. மறுபடி கார்டைப் பிடுங்குங்கள். ரேமின் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில், மேலிருந்து கீழாக, மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒரே தேய்ப்பில் போய்விடும். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி தள்ளி நின்று தேயுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்லாட்டுக்குப் புதிய பெயிண்ட் பிரஷ் போதும். தின்னர், பெட்ரோல், தேங்காய் எண்ணெய், ஈரத்துணி எதுவும் கூடாது. பிளோயர் வைத்திருந்தால் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், சிபியு ஃபேன் சுற்றாதபடி விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய ரேம் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில். ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இரு முனையிலும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்துங்கள். இரண்டு கிளிப்பும் தாமாக எழுந்து "டிக்" என்று பூட்ட வேண்டும். கிளிப்பைக் கையால் தள்ளி மூடிவிட்டு ரேம் உட்கார்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஒரு முனை பாதி ஏறிய நிலையில் ஆன் செய்தால் பற்கள் கருகும். அப்படிக் கறுப்புப் புள்ளி விழுந்த ரேமை இன்னொரு போர்டில் போட்டுப் பார்க்காதீர்கள், அந்த ஸ்லாட்டையும் கெடுக்கும்.

இதற்கும் படம் வராவிட்டால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அமைப்பை அழிக்க வேண்டும். கார்டைப் பிடுங்கிய நிலையில் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள், அல்லது சிமாஸ் ஜம்பரை (அந்த அமைப்பை அழிப்பதற்கென்றே போர்டில் இருக்கும் பின்களை) சில நொடிகள் இணையுங்கள். பேட்டரியையும் அப்படியே புதிதாக மாற்றிவிடலாம்; 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதன் காலம் முடிந்தது. ஆனால் ஒன்று: பயாஸை அழித்தால் சாட்டா அமைப்பு (ஹார்டு டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிடக்கூடும். படம் வந்து, விண்டோஸ் லோகோ வந்து, 7பி என்று முடியும் நீலத்திரையோடு மறுபடி மறுபடி அணைந்தால், விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பயாஸுக்குள் போய் அதைத் திரும்ப ஏஎச்சிஐ ஆக்கினால் சரியாகிவிடும். ஃபார்மேட் தேவையே இல்லாத எத்தனையோ கணினிகள் இந்த ஒரு காரணத்துக்காகத் துடைக்கப்படுகின்றன.

கேள்வி: எங்கள் தோல் ஏஜென்சி அலுவலகக் கணினியில் 4 + 4 ஜிபி போட்டோம். பயாஸில் 8 காட்டுகிறது. விண்டோஸில் "8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.16 ஜிபி" என்கிறது. மிச்சம் எங்கே போனது?
— வாசகர், இராணிப்பேட்டை

பதில்: கோட்டை இருக்கு ராஜா இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அந்தக் கதைதான். உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டில் போடக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. அதாவது 4 ஜிபி. அந்த 4 ஜிபிக்குள்ளேயே கிராஃபிக்ஸ், நெட்வொர்க் போன்ற பாகங்களுக்கும் முகவரி ஒதுக்க வேண்டும். அது போக மிஞ்சுவது மூன்றேகால் ஜிபி சுமார். விண்டோஸ் 7 ஆனாலும் 10 ஆனாலும் 32 பிட் என்றால் இதே கதி.

வழி ஒன்றுதான்: 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. 32-இன் மேல் 64-ஐ அப்படியே ஏற்ற முடியாது. கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், டிஜிட்டல் கையொப்பச் சான்று, பிரவுசரில் சேமித்த கடவுச்சொல் எல்லாவற்றையும் முதலில் வெளி டிஸ்க்கில் எடுங்கள். பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன்னே பாருங்கள். அலுவலகங்களில் பிரச்சினை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏற்கெனவே 64 பிட் என்றால் தேடும் இடம் வேறு. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டுக்கு 8 ஜிபியும், ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபியும்தான் வரம்பு. அதுவும் இல்லையென்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். "ஸ்பீடு கூட்டும் ட்ரிக்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் டிக் போட்டவர்கள் நிறைய. அது குறைக்கத்தான் செய்யும். பயாஸில் மெமரி ரீமேப் என்று இருந்தால் அது எனேபிள் ஆகியிருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நெட் பேங்கிங் செய்யும் கணினி என்றால், எப்படியும் புதிதாக நிறுவப்போகும் இந்த வேளையில் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிபியு ஃபேனைக் கழற்றி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் போட்டு மாட்டிய பிறகு இரண்டாவது ஸ்லாட் ரேமை எடுக்கவில்லை. எந்த ரேமைப் போட்டாலும் அப்படியே. எச்61.
— வாசகர், ஆற்காடு

பதில்: ஸ்லாட்டைச் சந்தேகிக்கும் முன் பிராசஸரைப் பாருங்கள். இந்தத் தலைமுறையில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. கூலரின் நான்கு கால்களில் ஒன்று சரியாகப் பூட்டாமல் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே ஒரு சானல் (பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை) காணாமல் போகும். கால்களைக் குறுக்காக, எதிரெதிராக அழுத்தி மாட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பிராசஸரை எடுத்துச் சாக்கெட்டின் பின்களை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். வளைந்த பின் வரிசையில் தனியாகப் பளிச்சிடும். அதை நிமிர்த்துவது மெக்கானிக்கல் பென்சிலின் கூர்முனையும் நடுங்காத கையும் வேண்டிய வேலை. பழக்கமில்லாதவர் முயல வேண்டாம்.

கேள்வி: புது ரேம் போட்டு ஒரு மாதம் நன்றாக இருந்தது. கத்திரி வெயில் ஆரம்பித்ததும் மதியம் நீலத்திரை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை. இரவில் ஒன்றும் இல்லை.
— வாசகர், ஆரணி

பதில்: ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை என்பது ரேமைச் சந்தேகிக்க நல்ல காரணம். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

மெம்டெஸ்ட்86+ இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இரவில் ஓடவிட்டு "பாஸ்" என்று திருப்திப்படாதீர்கள். கோளாறு வருகிற நேரத்தில், மதியம், கேபினெட் மூடியை மூடிய நிலையில் ஓட்டுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தோல்விதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற சலுகை ரேமுக்குக் கிடையாது.

பிழை வந்தால் ரேமை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுத் திரும்பச் சோதியுங்கள். ஒரு ரேமில் மட்டும், ஏறக்குறைய அதே முகவரிகளில் பிழை என்றால் அந்த ரேம் கெட்டது, வாரண்டியில் மாற்றுங்கள். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பயாஸில் வேகத்தை 1333-லிருந்து 1066-க்கு இறக்கிப் பாருங்கள், அன்றாட வேலையில் அந்த வேறுபாடு தெரியாது. எந்த ரேமைப் போட்டாலும் சிதறலாகப் பிழை வந்தால் குற்றம் ரேமில் இல்லை. எஸ்எம்பிஎஸ்-ஐயும், ரேம் ஸ்லாட்டுக்கும் பிராசஸருக்கும் அருகில் இருக்கும் சின்ன உருளை போன்ற கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். தலை உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான். 775 போர்டானால் சிப்செட்டின் மேல் இருக்கும் சின்ன ஹீட்சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே பேஸ்ட் காய்ந்து தூளாகியிருக்கும். அந்தத் தலைமுறையில் ரேமைக் கவனிப்பது அந்தச் சிப்செட்தான்.

ஸ்டிக்கரில் 1.65 வோல்ட் என்று போட்ட கேமிங் ரேமா? டிடிஆர்3-இன் இயல்பு 1.5 வோல்ட். அத்தகைய ரேம் பழைய போர்டில் வெயில் நேரத்தில் தடுமாறினால் அதோடு மல்லுக்கட்டாமல் சாதாரண 1.5 வோல்ட் ரேமுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: 4 ஜிபியை 8 ஆக்குவதா, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுவதா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.
— வாசகர், காட்பாடி

பதில்: வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 60, 70 சதவீதத்தில் நிற்க, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் எஸ்எஸ்டி. மெமரி 90-ஐத் தாண்டினால் ரேம். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி என்பது எங்கள் கருத்து. ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும்போதும் எஸ்எஸ்டி அந்த வலியைக் குறைக்கும். ரேம் கூடினாலும் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழுந்து வரும் நேரம் குறையாது. மேலும், எஸ்எஸ்டியை நாளை வேறு கணினிக்கு எடுத்துப்போகலாம், டிடிஆர்3-ஐ எடுத்துப்போக இடம் இல்லை.

கேள்வி: அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பழுதாகிக் கிடக்கிறது. அதன் டிடிஆர்3 ரேமை டெஸ்க்டாப்பில் போடலாமா?
— வாசகி, பேர்ணாம்பட்டு

பதில்: முடியாது. லேப்டாப் ரேமுக்கு 204 பின், நீளமும் பாதிதான். டெஸ்க்டாப் டிடிஆர்3-க்கு 240. இணைக்கும் அடாப்டர் விற்கிறார்கள், ஆனால் அதில் தொல்லைகள் கூடும். அதே வகை ரேம் போடும் லேப்டாப் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

கேள்வி: 8 ஜிபி டிடிஆர்3 மிக மலிவாகக் கிடைக்கிறது. பி.சி.3-10600ஆர் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: கடைசி எழுத்தைப் பாருங்கள். "யு" என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். "ஆர்" என்றால் சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் உங்கள் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் படம் வராது. எட்டுக்குப் பதில் ஒன்பது ஒன்பதாகச் சிப்பும், நடுவில் தனியாக ஒரு சின்னச் சிப்பும் தெரிந்தால் ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். டிடிஆர்2-இலும் இதுபோல ஒரு பொறி உண்டு: "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சொல்லி விற்கும் 4 ஜிபி. அதை இன்டெல் போர்டில் போட்டால் ஏற்காது.